பர்ஸ் ஃபோனைத் தூக்கிக்கொண்டு போன கதை

கிரேக்க, ரோமானியப் புராணக் கதைகளைப் பத்து வயதுப் பிள்ளைகளுக்காகத் தமிழில் எழுதித் தர ஒப்புக்கொண்ட மூன்றாவது வாரம், மாம்பலம் ரயில் நிலையப் படிக்கட்டில் விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். படிக்கட்டின் மேல் ஒரு குற்றமும் இல்லை. கிரேக்கர்களின் தலைமைக் கடவுளான ஜீயஸுக்கு மொத்தம் எத்தனை மனைவிகள் என்று கைபேசியில் பார்த்து எண்ணிக்கொண்டே இறங்கினேன். ஏழாவது பெயருக்கும் எட்டாவது பெயருக்கும் நடுவில் ஒரு படி இருந்ததைக் கவனிக்கவில்லை.

முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. ஆறு வாரம் அசைக்கக் கூடாது என்றார் மருத்துவர். புத்தகத்தை எட்டு வாரத்தில் முடிப்பதாகச் சொல்லியிருந்தேன்.

என் பதிப்பாசிரியர் மயிலாப்பூர்க்காரர். பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, வீட்டின் முன்னறையில் இரண்டு மேசை போட்டுச் சிறுவர் புத்தகங்கள் வெளியிட ஆரம்பித்தவர். அவருக்கு போன் செய்து கையைப் பற்றிச் சொன்னேன். ஒரு நிமிடம் வருத்தப்பட்டார். இரண்டாவது நிமிடம் வழி சொன்னார்.

“கை ஒடைஞ்சா என்ன, வாய் நன்னா இருக்கோல்லியோ? போன்கிட்ட பேசினா அதுவே எழுதிடறதே. எங்காத்துல என் மாட்டுப்பொண் சமையல் குறிப்பெல்லாம் அப்படித்தான் எழுதிண்டிருக்கா.”

ஆக, மேற்கு மாம்பலத்தில் எங்கள் இரண்டாம் மாடி வீட்டின் படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு நான் கைபேசியிடம் கிரேக்கப் புராணம் சொல்லத் தொடங்கினேன். அந்தக் கைபேசி நல்ல கைபேசிதான். அதற்குத் தமிழ் தெரியும், ஆங்கிலம் தெரியும். கிரேக்கம் மட்டும் தெரியாது. தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் பழக்கமும் அதற்கு இல்லை. நான் ஜீயஸ் என்றால் அது ‘ஜூஸ்’ என்று எழுதியது. பாதாளம் என்றால் ‘பாதாம்’ என்று எழுதியது. பாதாளத்தின் அரசன் ஹேடீஸ், ‘பாதாம் அரசன் லேடீஸ்’ ஆனான். கமா, முற்றுப்புள்ளி என்று நான் சொல்லச் சொல்ல, அவற்றைக் குறியாகப் போடாமல் எழுத்தாகவே போட்டுக்கொண்டு போனது. தெருவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு காய்கறி வண்டி போனபோது, ஒலிம்பஸ் மலையில் தேவர்கள் கூடியிருந்த சபையில் வெங்காயம் தக்காளி முருங்கைக்காய் வந்து சேர்ந்தன.

ஒரு நாள் மும்முரமாக, “கத்தக் கத்த அவளை ரதத்தில் தூக்கிப் போட்டான்! யாருமே காப்பாற்ற வரவில்லை!” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். என் கணவர் கதவைத் தட்டினார்.

“கொஞ்சம் மெதுவா சொல்றியா? கீழ்வீட்டுக்காரர் வந்து நிக்கிறார். ‘சார், வீட்ல ஏதாவது பிரச்சினையா, நான் பேசிப் பார்க்கவா’ன்னு கேக்கிறார்.”

வெளியே போய் அவருக்குக் கதையை விளக்கினேன். பூப்பறித்துக்கொண்டிருந்த பெண்ணைப் பாதாளத்து ராஜா தூக்கிக்கொண்டு போய்விட்டான், அதைத்தான் எழுதுகிறேன் என்றேன். அவர் என் மாவுக்கட்டைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார், தலையை ஆட்டிவிட்டுப் போனார். அதற்கப்புறம் பல மாதங்களுக்கு அவர் என் கணவரோடு லிஃப்டில் ஏறியதில்லை.

பேசி முடித்த ஒவ்வொரு அத்தியாயத்தையும் வீட்டுக் கணினியில் இடது கையின் ஒற்றை விரலால் திருத்துவேன். திருத்தாதது ஒரு கோப்பு, திருத்தியது ஒரு கோப்பு. நான்காவது அத்தியாயம் பெர்ஸஃபோனியின் கதை. அதில்தான் பதிப்பாசிரியருக்கும் எனக்கும் முட்டிக்கொண்டது.

கதை இதுதான். பயிர்பச்சைக்கெல்லாம் தெய்வமான டிமீட்டரின் மகள் பெர்ஸஃபோனி. ஹேடீஸ் அவளைப் பாதாளத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். அம்மா அலைந்து தேடுகிறாள். மகள் கிடைக்கும்வரை உலகத்தில் ஒரு புல்லும் முளைக்காது என்று உட்கார்ந்துவிடுகிறாள். உலகம் பட்டினி கிடக்க, ஜீயஸ் பயந்துபோய் மகளைத் திருப்பி அனுப்பச் சொல்கிறான். ஆனால் பாதாளத்தில் அவள் சில மாதுளை முத்துகளைத் தின்றுவிட்டாள். அங்கே எதையாவது தின்றவர் முழுதாகத் திரும்ப முடியாது. அதனால் வருடத்தில் சில மாதம் அங்கே, மற்ற மாதங்கள் அம்மாவிடம் என்று முடிவாகிறது.

“தூக்கிண்டு போறதெல்லாம் கொழந்தைகளுக்கு எதுக்கு?” என்றார், போனில் கதையைக் கேட்ட பதிப்பாசிரியர். “அழைத்துச் சென்றான்னு போட்டுடுங்கோ. மரியாதையா இருக்கும்.”

“அவ வரமாட்டேன்னு கத்தறா மேடம். அழைத்துச் சென்றால் எதுக்குக் கத்தணும்?”

“கத்தறதையும் எடுத்துடுங்கோ.”

எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஒரு கையை வைத்துக்கொண்டு எவ்வளவு சண்டை போட முடியும்? நான்கு நாள் உட்கார்ந்து ஒற்றை விரலால் திருத்தினேன். ஹேடீஸ் பணிவாக வந்து அழைத்துச் சென்றான். அவள் பின்னால் போனாள். படித்துப் பார்த்தால், சம்பந்தி வீட்டு வண்டியில் ஏறிப்போகிற மாதிரி இருந்தது. சரி, தொலையட்டும் என்று அனுப்பிவிட்டேன்.

பதிப்பாசிரியருக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தப் புத்தகமானாலும் அச்சுக்குப் போகும் முன் ஓர் அத்தியாயத்தைப் பிள்ளைகள் கையில் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்வார். அவர்களுக்கு எங்கே தடுக்குகிறதோ அங்கே எழுத்தாளரின் தமிழில் கோளாறு என்பது அவர் கட்சி. இந்த முறை சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சின்ன நூலகத்தைச் சொன்னார். ஒரு தையல் கடையின் மாடியில், தெருவாசிகள் சேர்ந்து நடத்துவது. கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்த அவர், நான் அனுப்பியதை ரயிலில் இருந்தபடியே திறக்காமல் அந்த நூலகத்துக்குத் தள்ளிவிட்டார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மாவுக்கட்டுக் கையைக் கழுத்தில் கட்டிய துணித் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். நூலகத்தைப் பார்த்துக்கொள்வது கீழே தையல் கடை வைத்திருக்கும் குடும்பத்தின் மருமகள். வீட்டுக்குள் உருது, தெருவில் தமிழ். பிள்ளைகள் அவரை உருதுவில் அக்கா என்று பொருள்படும் ஆபா என்று கூப்பிட்டார்கள். பாயில் பன்னிரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் கையிலும் ஜெராக்ஸ் எடுத்த தாள்கள்.

“நானும் படிச்சேன் மேடம்,” என்றார் ஆபா. “செம காமெடியா எழுதியிருக்கீங்க.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான்கு நாள் திருத்தி, பூப்போல ஆக்கிய அத்தியாயத்தில் காமெடி எங்கே வந்தது? கேட்பதற்குள் முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து நின்றுவிட்டாள். பதினோரு வயது இருக்கும். முதுகில் பள்ளிக்கூடப் பை, காலடியில் துணிகள் திணித்த கட்டைப்பை. ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி கணீரென்று படித்தாள்.

“கருப்புக் குதிரைகள் பூட்டிய ரதத்தில் வந்த பாதாம் அரசன் லேடீஸ் கமா பூப்பறித்துக்கொண்டிருந்த பர்ஸ் ஃபோனைத் தூக்கிக்கொண்டு பறந்தான் முற்றுப்புள்ளி.”

திருத்தாத கோப்பை அனுப்பியிருக்கிறேன்.

“ஒரு நிமிஷம்! தாளையெல்லாம் குடுங்க, அது தப்பான தாள்!” என்று எழுந்தேன். ஒருவரும் கொடுக்கவில்லை. அதற்குள் விசாரணை தொடங்கிவிட்டது.

“லேடீஸ்னு சொல்லிட்டு, பறந்தான்னு போட்டுக்கீது? ஆம்பளையா பொம்பளையா?”

“ஃபோன் எப்டிடா பூப்பறிக்கும்?”

“அதுக்கு ஆப் இருக்கும்டா.”

கண்ணாடி போட்ட ஒரு பையன் தாளின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே கேட்டான். “ஆன்ட்டி, இந்த கமான்றவன் யாரு? எல்லா வரிலயும் வந்துகினே கீறான், ஒண்ணுமே செய்ய மாட்றான்.”

“கூட்டாளியா இருப்பான்,” என்றாள் படித்த பெண். “பர்ஸ் அடிக்கிறவன் தனியா வரமாட்டான்.”

ஆபா முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு குலுங்கினார். நான் திருத்தியதைப் போய் எடுத்து வருவதென்றால் மாம்பலத்துக்கும் இங்கேயுமாக ஒரு மணி நேரம் ஆகும். பிள்ளைகளோ ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கத் தயாராக இல்லை. அவள் மேலே படித்தாள். மற்றவர்கள் துப்பறிந்தார்கள். பர்ஸையும் ஃபோனையும் பறிகொடுத்த டீ மீட்டர் என்ற அம்மாள் கையில் பந்தத்தோடு ஒன்பது நாள் அலைகிறாள். யாரும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் மேலே இருந்து எல்லாவற்றையும் பார்த்த சூரியன்தான் திருடன் யார் என்று சொல்கிறான்.

“சிசிடிவி,” என்றான் கண்ணாடிக்காரன்.

திருடனும் ஜூஸும் கூடப்பிறந்தவர்கள் என்று வந்த இடத்தில் கூட்டம் கொதித்தது. “அண்ணன் ஜூஸு, தம்பி பாதாம். ஒரே கடை ஆளுங்கதான். அதான் கம்ப்ளெயின்ட் எடுக்கல!” மீட்டர் வேலை செய்ய மறுத்தாள் என்று படித்ததும், ஆட்டோக்காரர் மகள் ஒருத்தி, “எங்கப்பா வண்டியிலயும் அப்டித்தான்,” என்றாள். தேவர்களின் தூதன் ஹெர்மீஸை என் கைபேசி ‘அவர் மிஸ்’ என்று எழுதியிருந்தது. பாதாளத்துக்குப் பேச்சுவார்த்தைக்குப் போனது அவர்களுடைய வகுப்பு மிஸ்தான் என்று ஒருமனதாக முடிவு செய்து, அவர் தைரியத்தைப் பாராட்டிக் கைதட்டினார்கள்.

எனக்கே சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துச் சிரித்துக் கட்டுக்குள் கை வலித்தது. கொஞ்சம் ஓய்ந்த பிறகு, இது என் கைபேசி செய்த கூத்து என்று சொன்னேன். பர்ஸ் ஃபோன் என்பது பர்ஸும் இல்லை, ஃபோனும் இல்லை. பெர்ஸஃபோனி என்று ஒரு பெண்ணின் பெயர்.

சிரிப்பு சட்டென்று அடங்கியது. அதை நான் எதிர்பார்க்கவில்லை.

“அப்ப பொண்ணையா தூக்கினு பூட்டான்?” என்றாள் அந்தப் பெண்.

“ஆமா.”

“அவ கத்துனான்னு போட்டுக்கீதே. அது ஃபோன் ரிங்குன்னு நெனச்சேன்.”

“இல்லம்மா. அவதான் கத்தினா.”

தாளைத் திருப்பி முதலிலிருந்து மனதுக்குள் படித்தாள். மற்றவர்களும் படித்தார்கள். ஜூஸ் என்கிற ஜீயஸ் அவளுடைய அப்பா, அவனுக்கு இது முன்பே தெரியும் என்று நான் சொன்னதும், கண்ணாடிக்காரன் தாளைப் பாயில் போட்டான். “சொந்த அப்பனா?” என்று மட்டும் கேட்டான். மரியாதையாக அழைத்துச் சென்ற என்னுடைய நான்கு நாள் உழைப்பு அந்த அறையில் ஒரு நிமிடம்கூடத் தாக்குப்பிடித்திருக்காது என்று எனக்கு அப்போது தெரிந்துவிட்டது.

மாதுளை முத்து விஷயத்துக்கு வந்தோம். நாலு முத்து தின்றதற்கு நாலு மாதம் பாதாளம் என்பது அநியாயம் என்றார்கள் பாதிப்பேர். பசியோடு இருந்த பிள்ளை சாப்பிட்டது தப்பா என்றார்கள். அந்தப் பெண் மட்டும் வேறு மாதிரி பேசினாள்.

“நானும் அப்டித்தான் கீறேன். திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் இங்க சித்தி வூட்ல. சனிக்கெழமை எங்கம்மா வந்து இட்டுகினு பூடும்.”

ஆற்றோரத்தில் இருந்த அவர்கள் வீட்டை அரசாங்கத்தார் இடித்துவிட்டு, ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் வீடு கொடுத்திருந்தார்கள். படிப்பு நடுவில் கெட வேண்டாம் என்று அவளை மட்டும் பழைய பள்ளிக்கூடத்திலேயே விட்டிருந்தார் அம்மா. ஆபாதான் இதை எனக்கு மெல்லச் சொன்னார்.

“அப்ப உங்க சித்தி வூடு பாதாளமா?” என்றான் கண்ணாடிக்காரன்.

அவள் யோசித்தாள். “சித்தி நல்லாதான் பாத்துக்குது. ஃபேன் மட்டும் சரியா சுத்தாது. அம்மா வூடுதான் எட்டாவது மாடி, லிஃப்டு ஓடாது, தண்ணி தூக்கினு ஏறணும். பாதாளம்னா அதான் பாதாளம். ஆனா மேல கீது.”

யாரும் அவளைப் பாவம் என்று பார்க்கவில்லை. பாதாளம் மேலே இருக்க முடியுமா முடியாதா என்று ஒரு வாக்குவாதம் கிளம்பியது. அது உச்சத்தில் இருந்தபோது வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம். அவளுடைய அம்மா வந்திருந்தார். ஏதோ ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. சீருடையை மாற்ற நேரமில்லாமல் அப்படியே பஸ் ஏறியிருந்தார்.

பன்னிரண்டு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் அவருக்குக் கதையைச் சொன்னார்கள். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. என் பக்கம் திரும்பினார்.

“பொண்ணு காணோம்னதும் அந்த அம்மா இன்னா பண்ணுச்சி?”

“எல்லா எடத்துலயும் தேடினா. அப்புறம் ஒலகத்துல ஒரு பயிரும் வெளையாதுன்னு நிறுத்திட்டா. எல்லாரும் பட்டினி.”

“பின்ன?” என்றார், வேறு என்ன செய்ய முடியும் என்கிற மாதிரி. “அழுதா எவனும் திரும்பிப் பாக்கமாட்டான். சோறு இல்லைன்னாதான் வருவானுங்கோ. நானா இருந்தா இன்னும் ரெண்டு மாசம் காய வுட்டிருப்பேன்.”

பெண் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். “யம்மா, நானும் அந்தப் பொண்ணு மாரிதானே?”

அம்மாவுக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். “ஒன்னிய எவன் தூக்கினு போனான்? படிக்கத்தானே வுட்டுகினு கீறேன்? கஷ்டமா கீதுன்னா சொல்லு. வர்ற வருசம் அங்கியே ஸ்கூலு மாத்திடறேன்.”

“வேணாம், வேணாம்! இங்கதான் ஃப்ரெண்ட்ஸ் கீறாங்கோ. நீயும் வேணும், இங்கியும் வேணும்.” அப்புறம் என்னைப் பார்த்தாள். “ஆன்ட்டி, அந்தப் பொண்ணுகிட்ட இப்டி யாருன்னா கேட்டாங்களா? உனக்கு எங்க இருக்கணும்னு?”

நான் படித்த புத்தகங்களை எல்லாம் மனதில் புரட்டினேன். அம்மா கேட்கிறாள், அப்பா தீர்ப்புச் சொல்கிறான், தூதன் போகிறான், வருகிறான். அவளிடம் யாரும் கேட்டதாக எனக்கு நினைவு வரவில்லை.

“கேக்கலை,” என்றேன்.

“இன்னா ஆளுங்கோ,” என்றாள். கட்டைப்பையைத் தூக்கிக்கொண்டாள். அம்மாவும் மகளும் பஸ்ஸுக்கு இறங்கிப் போனார்கள்.

நான் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் கும்பகோணத்திலிருந்து போன். கல்யாண மண்டபத்து நாதஸ்வரத்துக்கு மேல் பதிப்பாசிரியரின் குரல் கேட்டது.

“இப்பத்தான் தொறந்து பாத்தேன். ஜூஸ் யாரு? ஏன் எல்லாரும் அவனைக் கண்டு நடுங்கறா? நீங்க வலி மாத்திரை ஏதாவது ஜாஸ்தி சாப்பிட்டுட்டேளா?”

நடந்ததைச் சொன்னேன். பிள்ளைகள் எங்கே தடுக்கினார்கள் என்று கேட்டார். எங்கேயும் தடுக்கவில்லை, அவள் கத்திய இடத்தில் மட்டும் நின்றார்கள் என்றேன். அந்த அம்மா சொன்னதையும், மகள் கேட்டதையும் சொன்னேன்.

“சரி,” என்றார். “தூக்கிண்டே போகட்டும். ஆனா அவளைக் கேக்கற எடம் ஒண்ணு நீங்களே எழுதிச் சேருங்கோ. கிரேக்கா யாராவது சண்டைக்கு வந்தா நான் பேசிக்கறேன்.”

எழுதினேன். அதற்குத்தான் அதிக நாள் பிடித்தது. மாவுக்கட்டைப் பிரித்த பிறகு, இளைத்து வெளுத்துப்போயிருந்த வலது கையால், மெதுவாக. தீர்ப்பு முடிந்து எல்லாரும் எழுந்து போகும்போது, டிமீட்டர் மகளிடம் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறாள். பெர்ஸஃபோனி பதில் சொல்கிறாள். முதலில் ஒரு பக்கத்துக்கு வசனம் எழுதினேன். பிறகு எல்லாவற்றையும் அடித்துவிட்டு இரண்டே வரி வைத்தேன். நூலகத்தில் அந்தப் பெண் அம்மாவிடம் சொன்னதுதான், கொஞ்சம் எழுத்துத் தமிழில்.

புத்தகம் வந்தது. பெரிய பரபரப்பு ஒன்றும் இல்லை. அசோக் நகரிலிருந்து ஒருவர் போன் செய்து, இந்தக் கதையைப் பிள்ளைக்குப் படித்துக் காட்டியதிலிருந்து தன் மனைவி ஞாயிற்றுக்கிழமைகளில் அடுப்பைப் பற்றவைப்பதில்லை என்று புகார் சொன்னார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். தானே உப்புமா கிண்டுவதாகச் சொன்னார். எப்படி வருகிறது என்றேன். முதல் இரண்டு வாரம் அடிப்பிடித்ததாம். இப்போது பரவாயில்லையாம்.

நூலகத்துக்குப் பத்துப் பிரதிகளை எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை மதியம் போனேன். பிள்ளைகள் கலைந்துவிட்டிருந்தார்கள். ஆபாவிடம் கொடுத்துவிட்டு இறங்கியபோது, பஸ் நிறுத்தத்தில் அம்மாவும் மகளும் நின்றிருந்தார்கள். கைப்பையில் இருந்த ஒரு பிரதியை அவளிடம் கொடுத்தேன். நின்றபடியே நேராக அந்தக் கதையின் கடைசிப் பக்கத்துக்குப் போனாள். உதடு அசைய அந்த இரண்டு வரியையும் படித்தாள்.

பக்கத்தைத் திருப்பிப் படங்களைப் பார்த்தாள். பாதாளத்தின் வாசலில் மூன்று தலை நாய் ஒன்று காவல் நிற்கும் படத்தில் விரலை வைத்தாள்.

“ஆன்ட்டி, தல மூணு கீது. வயிறு ஒண்ணுதானே?”

“ஆமா.”

“அப்ப சோறு எந்த வாய்க்கு மொதல்ல வெப்பாங்கோ?”

இத்தனை நாள் எழுதியும் இதை நான் யோசித்ததே இல்லை. பஸ் வந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, திரும்பாமலே சொன்னார்.

“எது பேஜாரா கத்துதோ அதுக்குத்தான். ஏறு, ஏறு, சீட்டு புடி.”